உழைத்த உடலும் உழிச்சல் கையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளியிறுதி வகுப்போடு நின்று, இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் யாம் மருத்துவம் உரைக்க வந்தோம் அல்லோம். ஆரியங்கோட்டிலும் அதனைச் சூழ்ந்த எல்லைப்புறச் சிற்றூர்களிலும் உழைப்பவர் உடலை மீட்டுத்தரும் உழிச்சல் ஆசான் எவ்வாறு உருவாகின்றார், அவ்வழி இனி என்னாகும் என்பன பற்றியே சில சொல்ல விழைகின்றோம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம் முதலிய தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி அடிமுறையையும் வர்ம மருத்துவத்தையும் பிரிக்கவில்லை. இருபுறத்தும் ஆசான் ஆசானே.

ஆசானாக விரும்பும் இளைஞன் முதலில் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதில்லை. களரியில் சுவடு வைத்துப் பழகுகின்றான், விழுகின்றான், தசை நோவு இன்னதெனத் தன் உடம்பிலேயே அறிகின்றான். பின்னரே உடன்பயில்வோரின் சுளுக்குக்குத் தடவக் கற்கின்றான். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 இடங்களை அறிவது அதற்கும் பின்னர். எங்கு அடித்தால் உயிர்க்கு ஊறு என்று அறிந்தவனே எங்குக் கைவைக்கலாகாது என்றும் அறிவான். அடியும் மருந்தும் ஒரே பள்ளியில் பயிற்றப்படுவதன் பொருள் இதுவே.

இக்கை யாருக்கு வேண்டும்? பனையேறுவோர்க்கும், இருள் புலருமுன் ரப்பர் மரந்தோறும் குனிந்து பால் வெட்டுவோர்க்கும், சுமை தூக்குவோர்க்கும், தண்டவாளத்தில் சம்மட்டி பிடிப்போர்க்கும் வேண்டும். மழை மிகுந்த கர்க்கடக மாதத்தில், மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு காலால் உழியும் முறையும் களரிகளில் உண்டு.

இற்றைநாள் அறிவியல் கூறுவதையும் மறைத்தல் ஆகாது. பழக்கமில்லாத கடும் உழைப்பால் வரும் தசைநோவு 24 முதல் 72 மணி நேரத்துள் மிகும். தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவே அதன் காரணம் என்பர். பலர் எண்ணுவது போல லாக்டிக் அமிலம் அன்று. உழிச்சல் அந்நோவைச் சிறிது தணிக்கும். ஆனால் வலிமையை உடனே கூட்டும் என்பதற்குச் சான்று போதாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடேறி வலித்தால் அதனை உழிதல் தீது. குருதி உறைந்திருக்கக் கூடும். உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிர் போகும். அத்தகையவரை மருத்துவமனைக்கு அனுப்புபவரே நல்லாசான்.

இனி, நம் கவலைக்குரிய செய்தி ஒன்று. பதிவு பெறாத பரம்பரை வைத்தியர் மருத்துவத் தொழில் செய்தல் கூடாது எனக் கேரள வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. போலிகளிடமிருந்து மக்களைக் காக்கும் நோக்கம் நன்றே. ஆயினும் பழகிய கைக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் பெற்ற கைக்குப் பழக்கம் போதவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே மாட்டிக்கொண்டவன் முதுகு நோவோடு வாயிலில் நிற்கும் உழைப்பாளி. சுற்றுலா விடுதிகளில் உழிச்சல் உண்டு. அங்குக் கேட்கும் கட்டணம் அவனுக்கு எட்டாது.

ஆதலின் இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஆசான்மார் வீட்டுப் பிள்ளைகள் சித்த மருத்துவப் பட்டம் பயில வேண்டும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசுக் கல்லூரி உளது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் போத்தன்கோட்டிலும் கல்லூரி உளது. அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும், நீட் தேர்வும் வேண்டும். பொருள் இல்லாப் பிள்ளைக்கு நம் சங்கம் கைகொடுத்தல் கடன். மற்றொன்று, ஆசான்மார் தம் முறைகளை மறைபொருள் என்று பூட்டி வையாமல், பட்டம் பெற்ற இளைஞர்க்கு ஓதி எழுதுவித்தல் வேண்டும். பூட்டி வைத்த ஏடு முதலில் செல்லுக்கு இரையாகும். பூட்டி வைத்த வித்தையோ ஆசானோடு சுடுகாடு செல்லும்.

உழைப்பவன் உடம்பே அவன் முதல். அம்முதலைக் காக்கும் கை நம் ஊரில் அற்றுப்போகாதிருக்க ஆவன செய்வோமாக!