பார்வையற்றோருக்கு மெமரி கார்டு ஏற்றும்போது
(ஓட்டப்பிடாரத்தில் நடந்த நம் அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

பார்வையற்ற உறவினருக்குக் குர்ஆன் கிராஅத்தை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் 114 சூராக்களுக்கும் 1, 2, 3 என்று பெயர் வைத்தால், பல பிளேயர்களில் 1, 10, 100, 101 என்ற வரிசையில்தான் வரும். யாசீன் கேட்க நினைத்தவர் பட்டனை அழுத்திச் சலித்து, பேரனைக் கூப்பிட வேண்டியதாகிறது. தன் கையால் கேட்கட்டும் என்றுதானே வாங்கிக் கொடுத்தோம்?

001, 002 என மூன்று இலக்கமாக எழுதுவோம், யாசீன் 036. பக்கத்தில் சூராவின் பெயரையும் சேர்த்தால், ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் வாசித்துச் சொல்லும். மலிவான பிளேயர்கள் சில பெயரைப் பார்ப்பதே இல்லை, ஏற்றிய வரிசையில்தான் ஒலிக்கும். ஆகவே காப்பி செய்வதும் வரிசையாகவே இருக்க வேண்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு, 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் டெய்சி வடிவ நூல்கள் கிடைக்கின்றன. அந்த ஃபோல்டரை முழுதாக அப்படியே மாற்ற வேண்டும். ஆடியோவை மட்டும் பிரித்தெடுத்தால் அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவும் வசதி போய்விடும்.

வரும் ஜும்ஆவுக்குப் பின் கார்டுகளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், பெயர் மாற்றித் தருகிறோம். வீட்டிலேயே செய்கிறவர்கள், கொடுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு யாசீனைத் தேடிப் பாருங்கள்.