ஏரிக்குள் ஓடும் கோடு

வரைபடத்தில் ஆறு ஒரு கோடு. ஏரி ஒரு பரப்பு. இரண்டையும் தனித்தனியே கணினியில் ஏற்றினால் ஏரிக்கரையிலேயே ஆறு அறுந்துவிடும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம், தன் தேசிய நீர்நிலைத் தரவுத் தொகுப்பில் இதற்கு எளிய வழி கண்டது. ஏரியின் ஊடே ஒரு கற்பனைக் கோடு! ஆற்றின் ஒவ்வொரு பகுதிக்கும் 14 இலக்க எண்ணும் கொடுத்தது. வெறும் கோடுதானே என்று தோன்றலாம்.

2014 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் எல்க் ஆற்றில் இரசாயனம் கலந்தது. ஏறக்குறைய 3 லட்சம் பேர் குழாய் நீரைப் பயன்படுத்த முடியாமல் தவித்தார்கள். அப்படியொரு நாளில் அதிகாரிகளுக்கு உடனே தெரிய வேண்டியது, கசிவுக்குக் கீழே எந்தெந்த நிலையங்கள் ஆற்றுநீரை எடுக்கின்றன என்பதுதான். இடையில் ஏரி இருந்து, கோடும் அறுந்திருந்தால், கணினியின் தேடல் அங்கேயே நின்றுவிடும். ஏரிக்கு அப்பால் அதே நீரைக் குடிக்கும் ஊர்கள் எச்சரிக்கைப் பட்டியலில் வரவே வராது.