மேட்டுக்கு ஒரு பல்லு, சமதரைக்கு ஒரு பல்லு

(மேல் டிவிசன் இளைஞர் மன்றமும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு வண்டியைப் பற்றி. மன்றம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசில் பெட்டரியில் ஓடுகிற கோல்ப் வண்டி ஒன்றை, பழையதாகப் பார்த்து வாங்கப் போகிறீர்கள். மேல் லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும், நடக்க முடியாத வயசாளிகளையும் கர்ப்பிணித் தாய்மாரையும் மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடுவதற்கு. நல்ல எண்ணம். 2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்றார்கள். அதற்கு முன்பு அதுவும் இல்லை. பிரசவ வலி வந்த பிள்ளையைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு நம் ஆட்கள் இறங்கியதை நான் கூடவே நடந்து பார்த்தவன். அதனால் வண்டி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் போன வாரம் இளைஞர்கள் நாலு பேர் ஆபிசுக்கு வந்து, "ஐயா, வண்டி வாங்கினதும் கியர் பல்லை மாத்திப் போடுவோம். மட்டக்களப்புல 30 ஓடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று கேட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான், நான்தான் சொன்னேன். பாதிக் கதை சொன்னவன் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இந்தப் பேச்சு.

என் சின்னம்மா குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு மட்டக்களப்புப் பக்கம் போய்க் குடியேறியது. அப்படி வடக்கு கிழக்குக்குப் போன மலையகக் குடும்பங்கள் பல. சின்னம்மாவின் கடைசி மகன், எனக்குத் தம்பி, வாவிக்கரையில் ஒரு விடுதியில் வண்டி ஓட்டுகிறான். அதுவும் இதே மாதிரி பெட்டரி வண்டிதான். வந்து தங்குகிறவர்களைத் தோணித் துறைக்கும் ரோட்டுக்கும் ஏற்றி இறக்குவான். போன வருஷம் பொங்கலுக்குப் போயிருந்தபோது என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். "அண்ணே, முந்தி 20தான் ஓடும். இப்ப கியர் பல்லு மாத்தியாச்சு, 30 ஓடுது" என்றான். வாவிக் காற்று முகத்தில் அடிக்கப் பறந்தோம். அந்தச் சந்தோசத்தைத்தான் இங்கே வந்து உங்களிடம் அளந்தேன்.

சரி, பல்லு மாற்றுவது என்றால் என்ன? அந்த வண்டியில் மோட்டர் வேகமாகச் சுற்றும், சக்கரம் மெதுவாகச் சுற்றும். நடுவில் ஒரு பெட்டிக்குள் சின்னதும் பெரிதுமாகப் பற்சக்கரங்கள் இருக்கும். பெயர்பெற்ற கம்பனிகளின் கோல்ப் வண்டிகளில் மோட்டர் ஏறத்தாழ பன்னிரண்டரைத் தரம் சுற்றினால்தான் சக்கரம் ஒரு தரம் சுற்றும். அந்தப் பற்சக்கரங்களை எடுத்துவிட்டு, மோட்டர் 8 தரம் சுற்றினாலே சக்கரம் ஒரு தரம் சுற்றுகிற மாதிரி வேறு சோடி போடுகிறார்கள். மோட்டர் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. சக்கரமோ ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடச் சுற்றுகிறது. 20 ஓடியது கணக்குப்படி 31 ஓட வேண்டும். பாரம் கூடுவதால் மோட்டர் சற்று மந்தமாகி 28, 30இல் நிற்கும். பெரிய டயர் போட்டாலும் நடப்பது இதே கணக்குத்தான்.

இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிற தாய்மாரைக் கேளுங்கள். சமதரையில் எட்டி எட்டி நடப்பார்கள். மேட்டில் எப்படி நடப்பார்கள்? அடியைக் குறுக்கி, ஒன்றொன்றாக வைத்து ஏறுவார்கள். சாக்கோடு மேட்டில் எட்டி வைத்தால் தொடை கடுக்கும், மூச்சு வாங்கும், பாதியில் நின்றுவிட வேண்டியதுதான். கம்பனிக்காரன் போட்டுத் தந்த பல்லு குட்டை அடி. மாற்றிப் போடுகிற பல்லு எட்டு அடி. வேகம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, இழுவை அத்தனை மடங்கு குறையும். பன்னிரண்டரையை எட்டாக்கினால் 100 பங்கு இழுவை 64 பங்காகிவிடும்.

மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கமிருந்து விறகு கட்டிக்கொண்டு சைக்கிளில் டவுனுக்கு வருகிற ஆட்களைப் பார்க்கலாம். மண்முனையில் முன்பு வாவியைக் கடக்க 'பாதை' என்ற மிதவைதான் இருந்தது. 2014இல் பாலம் திறந்தார்கள். அந்தப் பாலத்தடியில் நின்ற ஒரு பெரியவரிடம், பின் பல்லைச் சின்னதாக மாற்றினால் சைக்கிள் இன்னும் ஓடுமே என்று கேட்டேன். சிரித்தார். "ஓடும் மகன். வெறும் சைக்கிள் ஓடும். விறகு கட்டி மணல் ரோட்டுல மிதிச்சுப் பாரும், மறுகா தெரியும்" என்றார். முன்னால் 44 பல்லு, பின்னால் 18 பல்லு என்று வைத்துக்கொள்ளுங்கள். 18ஐ 16 ஆக்கினால் ஒரு மிதிக்கு எட்டில் ஒரு பங்கு தூரம் கூடப் போகலாம். அந்த எட்டில் ஒரு பங்கைக் கால்தான் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாத அந்த மனுசனுக்குத் தெரிந்தது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

இனி மீதிக் கதை. பொங்கல் கழிந்து மூன்று மாதத்தில் சின்னம்மாவிடமிருந்து போன் வந்தது. விடுதியில் ஒரு கல்யாணக் கூட்டம். ஆறு பேர் உட்காரும் வண்டியில் எட்டுப் பேரை ஏற்றி, தோணித் துறையிலிருந்து ரோட்டுக்கு ஏறியிருக்கிறான். அந்தத் தட்டைப் பூமியில் இருந்த ஒரே மேடு அதுதான், நம் பிரட்டுக் களத்துப் படிக்கட்டு நீளம்கூட இராது. பாதி மேட்டில் மோட்டர் முனகி நின்றது, கருகல் நாற்றம் வந்தது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தான், பிடித்தும் பிடிக்காமலும் இழுத்துக்கொண்டு போனது. நிறுத்துவதற்குக் காலை வெளியே ஊன்றினான். வண்டி தென்னை மரத்தில் முட்டி நின்றது, கால் நடுவில் அகப்பட்டது. கணுக்கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் வேலையில்லை. ஏறியிருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போனது, அது தெய்வ புண்ணியம். நான் போய்ப் பார்த்தபோது, "அண்ணே, வண்டி கெட்ட வண்டி இல்ல. நாமதான் அதுக்கு ஏலாத வேலையக் குடுத்திட்டம்" என்றான்.

பிறகு நான் நமக்குத் தெரிந்த மோட்டர் மெக்கானிக் ஒருவரிடம் உட்கார்ந்து விசயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதை உங்களுக்குப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, மேடு. பத்தடி போனால் ஓரடி உயரும் ரோட்டில், வண்டியும் ஆட்களுமாக 800 கிலோ என்றால், 80 கிலோவைக் கட்டித் தூக்குகிற அளவு இழுவை வேண்டும். நம் மேல் ரோட்டில் அதைவிடச் சரிவான முடக்குகள் இருக்கின்றன.

இரண்டாவது, சூடு. பல்லு மாற்றிய வண்டி அதே மேட்டை ஏற மோட்டர் ஒன்றரை மடங்கு முக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கரண்ட் இழுக்கும். கரண்ட் ஒன்றரை மடங்கானால் கம்பிச் சுருளில் உண்டாகும் சூடு இரண்டேகால் மடங்கு. மோட்டர் கருகுவது இப்படித்தான்.

மூன்றாவது, பெட்டரி. 48 வோல்ட் வண்டி பலவற்றில் 8 வோல்ட் ஈய பெட்டரி ஆறு இருக்கும். ஈய பெட்டரியிலிருந்து அவசரமாக இழுத்தால் முழுச் சக்தியையும் அது தராது. ஆறுதலாக இழுத்தால் கூடத் தரும். ஆறு பெட்டரியையும் மாற்றுகிற நாள் வந்தால் மன்றத்துச் சீட்டுக் காசு காணாது.

நாலாவது, இறக்கம். தாய்மாரே, இதைக் கவனமாகக் கேளுங்கள், பிள்ளைகள் போகிற வண்டி. இவற்றில் பலதுக்குப் பின் சக்கரத்தில் மட்டுந்தான் பிரேக். மெதுவாக ஓடுகிற வண்டிக்கென்று வைத்த பிரேக் அது. வேகம் 20லிருந்து 30 ஆனால் பிரேக் அடக்க வேண்டிய வேகச் சக்தி இரண்டேகால் மடங்கு. டிரைவர் ஒரு பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஒரு விநாடி போகும். அந்த ஒரு விநாடியில் 20இல் போகும் வண்டி 18 அடி போகும், 30இல் போவது 27 அடி போகும். சில வண்டிகளில் இறக்கத்தில் மோட்டரே தாங்கிப் பிடிக்கும். பல்லு மாற்றினால் அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும்.

பணக்கார நாட்டிலும் இதை விளையாட்டாக விடவில்லை. அமெரிக்காவில் இந்த மாதிரிச் சிறு வண்டி மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது 32 கிலோமீற்றருக்கு மேல் ஓடுமானால், அது கோல்ப் வண்டி இல்லை, வேறு வகை என்று 1998இல் விதி கொண்டுவந்தார்கள். அதற்கு விளக்கு, கண்ணாடி, இருக்கைப் பட்டி எல்லாம் வேண்டும். கோல்ப் வண்டி புல்வெளிக்குச் செய்த சாமான். நுவரெலியாவில் 1889இலிருந்து கோல்ப் மைதானம் இருக்கிறது. பந்தடிக்கும் பெரிய ஆட்களுக்கே அங்கே அவசரமில்லை, நமக்கென்ன அவசரம்?

அவசரம் என்றதும் கணக்கையும் பார்த்துவிடுவோம். மேல் லயத்திலிருந்து மெயின் ரோடு 3 கிலோமீற்றர். 20இல் போனால் 9 நிமிசம். 30இல் போனால் 6 நிமிசம். மிச்சம் 3 நிமிசம். அதுவும் ரோடு முழுக்கச் சமதரையாக இருந்தால். நம் ரோட்டில் முடக்குக்கு முடக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். திரும்பி ஏறும்போது பல்லு மாற்றிய வண்டி முன்பைவிட மெதுவாகத்தான் ஏறும். ஆக ஒரு நிமிசமும் மிஞ்சாது. பிள்ளையைக் கால் மணி நேரம் முந்தி எழுப்பினால் தீரும் விசயத்துக்கு மோட்டரையும் காலையும் பணயம் வைப்பதா?

மட்டக்களப்பு சமதரை. காலி வண்டியில் ஒருத்தன் தனியாகப் போனால் அங்கே அந்தப் பல்லு சரிவரலாம். அங்கேயே ஒரு சின்ன மேடும் இரண்டு ஆள் கூடுதலும் வந்ததும் கணக்குப் பிழைத்துவிட்டது. பதுளைக்குப் போகிற ரயில் பாதையைப் பாருங்கள். மலையில் 44 அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறாமல், வளைத்து வளைத்துப் போட்டிருக்கிறார்கள். நம் தோட்ட ரோட்டில் அப்படி வளைவதற்கு இடமில்லை. ஆகவே நம் வண்டி குட்டை அடிதான் வைக்க வேண்டும்.

முடிவாக, மன்றத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். வண்டியை வாங்குங்கள். கியர் பெட்டியைத் திறக்காதீர்கள். வாங்குமுன் ஆறு ஆள் பாரத்துக்கு மணல் மூட்டை ஏற்றி, நம் பெரிய முடக்கில் ஏற்றி, நடுவில் நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதே இடத்தில் இறக்கத்திலும் பிரேக்கைச் சோதியுங்கள். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டி நமக்கு வேண்டாம். முந்திய சொந்தக்காரர் பல்லு மாற்றினாரா என்று மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். மாற்றியிருந்தால் பழைய பல்லைப் போட்டுத் தந்தால்தான் எடுப்போம் என்று சொல்லுங்கள். ஆறு இருக்கை என்றால் ஆறு ஆள்தான், ஏழாவது ஆள் பெரிய கங்காணியாக இருந்தாலும் நானாக இருந்தாலும் நடந்து வரட்டும். பதிவும் காப்புறுதியும் இல்லாத வண்டி தோட்ட ரோட்டோடு நிற்க வேண்டும், மெயின் ரோட்டில் ஏறக்கூடாது.

என் தம்பி இப்போது நடக்கிறான். மழைக்காலத்தில் கால் வலிக்கிறது என்று சொல்கிறான். விடுதியில் பழைய பல்லையே திரும்பப் போட்டுவிட்டார்களாம். 20தான் ஓடுகிறது, மேட்டில் நிற்பதில்லை என்று போனில் சொன்னான். அவனுடைய கதையில் வேகத்தை மட்டும் உங்களிடம் சொன்னது என் பிழை. அதை இன்றைக்கு உங்கள் முன்னால் திருத்திக்கொண்டேன். தீர்மானம் எடுப்பது உங்கள் கையில். ஓட்டுப் போடுமுன் தாய்மார் ஒரு வார்த்தை பேசட்டும், ஏனென்றால் அந்த வண்டியில் ஏறப்போவது அவர்களுடைய பிள்ளைகள்.