அக்காவின் நேரம் வேறு, தங்கையின் நேரம் வேறு

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓட்டப்பந்தயம் பற்றிய கூட்டத்துக்கு வகுப்பாசிரியர்களையும் எதற்கு அழைத்தார்கள் என்று சிலர் நினைக்கலாம். ஒரு பிள்ளை ஓடுவதை நிறுத்திவிடும் முடிவு பெரும்பாலும் மைதானத்தில் எடுக்கப்படுவதில்லை. வகுப்பறையிலும் வீட்டிலும் காதில் விழும் ஒன்றிரண்டு சொற்களில் அது முடிவாகிவிடுகிறது. அந்தச் சொற்களில் ஒன்று நமக்கெல்லாம் பழக்கமானது: "உங்க அக்கா என்னமா ஓடுவா! நீ ஏம்மா இப்படி?"

நம் இரண்டு ஊர்களுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர், மூன்று பேர் படிக்கிறார்கள். அம்மா மில்லுக்கு ஷிப்ட் போகிறார். அப்பா தறியிலோ கட்டட வேலையிலோ இருக்கிறார். வீட்டில் ஓடுவதற்கென்று ஒரு ஜோடி காலணிதான் இருக்கும். அக்காவுக்குச் சிறிதானதும் தங்கைக்கு வரும். காலணி மட்டுமா வருகிறது? அக்காவின் பெயரும், அக்கா வாங்கிய சான்றிதழ்களும், அக்கா ஓடிய நேரமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

போட்டி விதிகளும் இதில் சேர்ந்துகொள்கின்றன. பள்ளித் தடகளத்தில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் எனப் பிரிவுகள் உள்ளன. பன்னிரண்டு வயதுத் தங்கையும் பதின்மூன்று வயது அக்காவும் குறுவட்டப் போட்டியில் ஒரே கோட்டில் நிற்க வேண்டி வரலாம். அடுத்த கட்டத்துக்குப் போகும் இடங்களோ சில. வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்ட இருவரில் ஒருவர் வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போவார். மற்றவர் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருவார்.

அந்த வயதில் உடம்பு எப்படி வளர்கிறது என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். பெண் குழந்தைகளுக்கு வேகமான வளர்ச்சி ஏறக்குறைய 11, 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலும் வருகிறது. ஒவ்வொருவருக்கும் முன்பின் இருக்கும். பருவம் எய்திய பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெண்ணின் நேரம் சில மாதங்கள் அப்படியே நிற்பதும் கூடுவதும் இயல்பு. எடையும் இடுப்பின் அமைப்பும் மாறுகின்றன. இரத்தசோகை இருந்தால் மூச்சு வாங்கும். அதே நேரத்தில், இன்னும் சிறுமியாகவே இருக்கும் தங்கை காற்றுபோல முந்திப் போவாள். நாம் அதைப் பார்த்து, "அக்காவுக்கு இப்பல்லாம் சோம்பேறித்தனம்" என்று எழுதிவிடுகிறோம். வாரம் ஒருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்கினாளா என்று கேட்பது அந்தத் தீர்ப்பைவிட அவளுக்கு உதவும்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பது நம் பழமொழி. உடன்பிறப்பு பலம் என்றுதான் நம் முன்னோர் நினைத்தார்கள். அந்தப் பலத்தை எதிர்ப்படையாக மாற்றுவது ஒப்பீடுதான்.

இனி, நாம் கண்ணால் கண்ட ஓர் எடுத்துக்காட்டு. கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ், நித்யா ராம்ராஜ் இரட்டையர்கள். ஓட்டுநர் ஒருவரின் மகள்கள். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருவருமே இந்தியாவுக்காக ஓடினார்கள். இருவரும் தடை ஓட்ட வீராங்கனைகள். ஆனால் நித்யா ஓடியது 100 மீட்டர், வித்யா ஓடியது 400 மீட்டர். இரண்டிலும் பத்துத் தடைகள் உண்டு. முன்னதில் தடையின் உயரம் 83.8 செ.மீ.; பின்னதில் 76.2 செ.மீ. ஒன்று முழுக்க வேகம். மற்றது வேகத்தோடு தாக்குப்பிடிக்கும் திறனும் காலடிக் கணக்கும் கேட்பது. ஒரே முகம், ஒரே வீடு, ஒரே வயது. ஆனாலும் ஓடும் பாதை வேறு. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டிய தேவை அங்கே இல்லை.

அந்தப் போட்டியின் தகுதிச் சுற்றில் வித்யா 55.42 விநாடியில் ஓடினார். இந்த எண் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா இதே 55.42 விநாடியில் ஓடி, விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்து நான்காவதாக வந்தார். 39 ஆண்டுகளுக்குப் பிறகு வித்யா அந்தத் தேசியச் சாதனையைச் சமன் செய்தார். மறுநாள் இறுதிப் போட்டியில் அவர் எடுத்தது 55.68 விநாடி. முந்தைய நாளைவிடக் குறைந்த வேகம். ஆனால் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. வேகமான நேரம் ஒருவருக்கு நான்காம் இடம் தந்தது. சற்றே மெதுவான நேரம் இன்னொருவருக்குப் பதக்கம் தந்தது. ஒரு நேரத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"இருவருக்கும் ஒரே ஓட்டம்தான் பிடிக்கிறது, என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். பெல்ஜியம் நாட்டில் கெவின், ஜொனாதன் போர்லே என்ற இரட்டையர்கள் இருவருமே 400 மீட்டர் ஓடியவர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் இருவரும் எதிரெதிராக ஓடினார்கள். தொடர் ஓட்டத்தில் ஒரே அணி. 2016-இல் ஆம்ஸ்டர்டாமில் தம்பி டிலனும் சேர்ந்து 4×400 மீட்டரில் ஐரோப்பியத் தங்கம் வென்றார்கள். ஒரே ஓட்டத்தை விரும்பும் அண்ணன் தம்பியைத் தொடர் ஓட்ட அணியில் சேர்த்துப் பாருங்கள். தம்பி வேகமாக வந்தால்தான் அண்ணன் கைக்குக் குச்சி சீக்கிரம் வரும். தம்பியின் வேகம் அண்ணனுக்கு லாபமாகிவிடுகிறது.

அடுத்தது இரண்டாம் வாய்ப்பு. ஓட்டத்தில் அது கிடையாது என்பார்கள். 2010 முதல் உலகப் போட்டிகளில் முன்கூட்டியே கிளம்பினால் முதல் தவறிலேயே வெளியேற்றம். 2011-இல் டேகு நகரில் உசேன் போல்ட்டே அப்படி 100 மீட்டர் இறுதிப் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனால் சில நாள் கழித்து அதே மைதானத்தில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். ஒரு பந்தயம் கதவைச் சாத்தினாலும் அடுத்த பந்தயத்துக்குப் பெயர் இருந்தது. நம் பிள்ளைக்கு அடுத்த பந்தயத்தில் பெயர் இருக்கிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நம் மாநிலத்தில் வாய்ப்புகள் இருக்கின்றன. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்க்கை நடக்கிறது. ஏழாம் வகுப்பில் தேர்வாகாத தங்கை எட்டில் போகலாம், ஒன்பதில் போகலாம். பள்ளிப் போட்டிகளில் தோற்றவர் முதலமைச்சர் கோப்பைக்குப் பதிவு செய்யலாம். இந்தச் செய்தி பெற்றோருக்கு யார் மூலம் போகும்? நம் மூலம்தான்.

மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியை எண்ணிப் பாருங்கள். சிறு வயதில் பெற்றோரை இழந்த அவரையும் அவர் தங்கையையும் கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி. வெறுங்காலோடு பள்ளிப் போட்டியில் ஓடிய ரேவதியைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தபோது அவர் பன்னிரண்டாம் வகுப்பு. பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி ஓடினார். தங்கை காவல்துறையில் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று அந்த ஆசிரியர் விட்டிருந்தால் டோக்கியோ ஏது?

நாளை முதல் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு நேரக் குறிப்பேடு. அதில் அவளது ஜூலை நேரத்துக்குப் பக்கத்தில் அவளது டிசம்பர் நேரம் மட்டும் இருக்கட்டும். இரண்டு, உடன்பிறந்தோர் இருவரையும் 100 மீட்டரிலேயே நிறுத்தாமல் 800, 1500, தடை ஓட்டம், நீளம் தாண்டுதல் என எல்லாவற்றிலும் ஒருமுறை விட்டுப் பாருங்கள். ராஜபாளையத்தில் கூடைப்பந்துக்குப் பெரிய மரபே இருக்கிறது. உயரமான தம்பிக்கு அந்தக் களம் பிடிக்கலாம். மூன்று, வழிபாட்டுக் கூட்டத்தில் பரிசு பெற்ற அக்காவின் பெயரைச் சொல்லும்போது, தன் பழைய நேரத்தை முந்திய தங்கையின் பெயரையும் சொல்லுங்கள். அவள் பெயரை மட்டும் சொல்லுங்கள்; இன்னாரின் தங்கை என்று சேர்க்க வேண்டாம்.