கதிரவன் ஒளியும் குடிநீரும்



நீரைப் பற்றிப் பேசுவது நம்மவர்க்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகாத் நகரின் சவதார் குளத்தில் நீர் அருந்தியது, அந்நீர் அனைவர்க்கும் உரியதென்று நிலைநாட்டவே. 95 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், நமது மாவட்டத்து வேங்கைவயலில் நம் மக்களுக்குரிய குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. குழந்தைகள் நோயுற்ற பின்னரே அது வெளிப்பட்டது. ஆகவே நீரைச் சோதிக்கவும் தூய்மை செய்யவும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். அம்முறைகளுள் ஒன்றை மட்டும் இன்று கூறுவோம்.

1972-இல் ஜப்பானிய அறிஞர்களான புஜிஷிமா, ஹோண்டா ஆகிய இருவரும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயின் மீது ஒளி பட்டால் நீர் ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிவதைக் கண்டு வெளியிட்டனர். அப்பொருளே பின்னர் நீரைத் தூய்மையாக்கவும் ஆராயப்பட்டது. அஃது அரியதன்று, சுவருக்கு அடிக்கும் வெள்ளை வண்ணத்தில் உள்ளதுதான். அதன் தாதுவாகிய இல்மனைட் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. புற ஊதாக் கதிர் படும்போது அதன் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் இடம்பெயர்கின்றன; அங்குள்ள நீரிலிருந்து வீரியமிக்க ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் தோன்றுகின்றன. அவை சாய மூலக்கூறுகளைத் துண்டாடுகின்றன, நுண்ணுயிர்களையும் கொல்கின்றன. வினையூக்கியோ செலவாவதில்லை. ஆதலின் இதனைச் சுற்றுச்சூழலுக்கு இசைந்தது என்கின்றனர்.

குறைகளும் உண்டு. சூரிய ஒளியில் புற ஊதாப் பகுதி நூற்றில் ஐந்தளவே. நீரில் கலந்த நுண்தூளைத் திரும்பப் பிரிப்பது கடினம். எனவே கண்ணாடியின் மீது பூசிப் பயன்படுத்த முயல்கின்றனர். உப்பையும் புளோரைடையும் இது நீக்காது. நம் பேச்சைக் கேட்டுவிட்டு வெள்ளைப் பொடியை வாங்கிக் குடத்தில் போட்டுவிடாதீர்கள்!

வினையூக்கியின்றியே வெயில் செய்யும் உதவியொன்று உண்டு. கலங்கல் நீரை வடிகட்டித் தெளியவைத்து, நிறமற்ற பெட் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவைத்தால் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மடியும். மேகமூட்டமெனில் இரண்டு நாள் வைத்தல் வேண்டும். விறகோ எரிவாயுவோ இருப்பின் கொதிக்கவைப்பதே மேல்.

ஆயினும் தூய நீர் தருவது அரசின் கடமை. நாம் பாட்டிலை வெயிலில் வைத்ததால் அக்கடமை தீர்ந்துவிடாது. மலம் கலந்தவரைத் தண்டிப்பதும் வேதியியலின் வேலையன்று. தொட்டி நீரில் நிறமோ நாற்றமோ மாறினால் அதனைக் குடிப்பதை உடனே நிறுத்துங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்து, அறிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் கண்ட எண்களைப் படித்துப் பொருள் சொல்ல ஊருக்கு ஒரு பிள்ளையாவது வேதியியல் படித்திருக்கட்டும்.