பூநகரிக் காற்றை யார் அளப்பது?



கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் போகிறவர்கள் பளைப் பக்கம் காற்றாலைகளைக் கண்டிருப்பீர்கள். புலோப்பளை, வல்லிமுனை என்று இரண்டு நிலையங்கள். ஒவ்வொன்றும் 10 மெகாவாட். இப்படியொரு காற்றாலை எழும்ப முதல் நடக்கிற வேலை ஒன்று உண்டு. வெளியில் நெடிய கம்பம் நட்டு, பல உயரங்களில் சுழலும் கிண்ணங்களைப் பூட்டி, காற்றின் வேகத்தை இரவு பகலாகப் பதிவார்கள். குறைந்தது ஒரு வருடம். சோளகம் அடிக்கிற மாதங்களை மட்டும் அளந்தால் போதாது. காற்றுச் சோர்ந்து கிடக்கும் மாதங்களும் கணக்கில் வரவேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் வலு எட்டு மடங்காகும். அளவையில் சிறு பிழை விட்டாலும் நட்டம் பெரிது.

இப்படி அளந்து ஆய்ந்து ஆலோசனை சொல்லுகிற தொழிலில்தான் இப்போது அதே கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியின் எதிர்காலம் தங்கியிருக்கிறது. 2023இல் பூநகரிக் குளப் பகுதியில் 700 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு, மின்கலச் சேமிப்போடு, அமைச்சரவை அனுமதி கொடுத்தது. மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் காற்றாலை அமைக்க வந்த அதானி நிறுவனம், மின்சார விலைச் சர்ச்சைக்கும் மன்னாரின் வலசைப் பறவைகள் தொடர்பான வழக்குகளுக்கும் பிறகு, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது.

மின்கலச் சேமிப்பு ஏன் அவசியம்? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை குறைந்தபோது, கூரையில் சூரியப் படல் போட்டவர்களை அவற்றைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. வெயில் இருந்தும் மின்சாரத்தை எடுக்க முடியவில்லை. உற்பத்தியை மட்டும் எண்ணிக் கொள்கை வகுத்தால் இதுதான் நடக்கும்.

ஊருக்கு வரும் பாதிப்பையும் எண்ணவேண்டும். பெரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க அறிக்கை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். நூற்றுக்கணக்கான பக்கங்கள். பூநகரி மீனவரோ கமக்காரரோ தனியே இருந்து வாசித்து முடிக்கக்கூடிய சங்கதியா அது? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. அளக்கிற வேலையிலும், அறிக்கையை ஊருக்கு விளங்கப்படுத்துகிற வேலையிலும் அந்தப் பீடங்களுக்கு முறையான இடம் வேண்டும். அந்தச் செலவைத் திட்டக்காரரே ஏற்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காற்றாலைக்குப் போடும் வீதி மாரி வெள்ளத்தை மறித்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்? மேய்ச்சல் தரை போனால் மாடுகளை எங்கே சாய்ப்பது? இந்த இரண்டுக்கும் தமிழில் தெளிவாகப் பதில் எழுதாத அறிக்கை எதற்கும் அனுமதி கொடுக்கக்கூடாது.