சுடும் புண்ணும் சுடாத புண்ணும்



மாமல்லபுரத்தின் வீதிகளில் நின்று, கருங்கல்லின் மேல் உளியை ஊன்றிச் சுத்தியால் தட்டிக்கொண்டிருக்கும் சிற்பிகளின் கைகளைச் சற்று நேரம் கவனித்திருப்பவர்கள், அந்த இடையறாத ஓசைக்கு நடுவே எப்போதாவது ஒருமுறை தாளம் தவறிச் சுத்தி விரலின் மேல் விழுவதையும், சிற்பி உளியைக் கீழே போட்டுவிட்டு அந்த விரலை மற்றொரு கையால் பொத்திக்கொண்டு கண்ணை மூடுவதையும் பார்த்திருக்கக்கூடும். சிறிது நேரத்தில் விரல் சிவக்கிறது, சூடேறுகிறது, வீங்குகிறது, மறுநாள் காலையில் உளியைப் பிடிக்கவொட்டாமல் விண்விண்ணென்று தெறிக்கிறது. இரண்டு நாள் வேலை கெட்டதே என்று அவர் வருந்துவது நியாயந்தான். ஆயினும் அந்த இரண்டு நாள் ஓய்வை அவருக்கு விதித்த வைத்தியர் அவருடைய சரீரத்துக்குள்ளேயே இருக்கிறார். அந்த வைத்தியருக்கு அழற்சி என்று பெயர். அவரை அடக்கும் மருந்துகள் புண் ஆறுவதற்கு உதவுகின்றனவா, ஊறு செய்கின்றனவா என்ற கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதன் மிக அரிய அத்தியாயம் ஒன்று மாமல்லபுரம் இருக்கும் இதே செங்கற்பட்டுச் சீமையில், திருமணி என்னும் கிராமத்தில் தொடங்கிற்று என்பதை நம்மில் பலர் அறியோம்.

சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி ஆகிய நான்கு குறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கெல்சஸ் என்ற ஆசிரியர் ஒருங்கே எழுதி வைத்தார். நம் நாட்டுச் சுஸ்ருத சம்ஹிதையோ வீக்கத்தைப் பழுக்காதது, பழுத்துக்கொண்டிருப்பது, பழுத்தது என்று மூன்று பருவமாகப் பகுத்து, ரணத்துக்குச் செய்ய வேண்டிய உபசாரங்கள் அறுபது என்று கணக்கிட்டது. கட்டி இன்னும் பழுக்கவில்லை, கை வைக்காதே என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதும் அந்தப் பருவ ஞானத்தின் பாற்பட்டதே. ஆனால் தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை பிரத்தியட்சமாகக் கண்டவர்களில் முக்கியமானவர் மெச்னிகாஃப் என்ற ருஷ்ய அறிஞர். 1882-ஆம் ஆண்டில், இத்தாலி தேசத்து மெஸ்ஸினாக் கடற்கரையில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ஒரு சிறு முள்ளைச் செருகி வைத்துவிட்டு, இரவெல்லாம் உறக்கமின்றிக் காத்திருந்து மறுநாள் பார்த்தபோது, நடமாடும் உயிரணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. உடம்பு படையனுப்பிவிட்டது என்று அவர் உணர்ந்தார். 1908-இல் நோபல் பரிசு பெற்ற ஆராய்ச்சிக்கு அந்த முள்ளே வித்து.

இன்று நாம் அறிந்திருப்பது இது. காயம் பட்டவுடன் ரத்தம் உறைகிறது. சில மணி நேரத்தில் ஒருவகை வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளோடு போரிடுகின்றன. ஓரிரு நாளில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெரிய விழுங்கணுக்கள் வந்து, இறந்த தசையையும் அழுக்கையும் விழுங்கித் துப்புரவு செய்வதோடு நின்றுவிடாமல், புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கவும், நாரணுக்கள் வந்து கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை நெய்யவும் கட்டளையிடுகின்றன. ஆகவே அழற்சி என்பது புண்ணுக்கு நேர்ந்த கேடு அன்று. ஆறுதலின் முதற்படியே அது. உரிய நேரத்தில் வந்து உரிய நேரத்தில் விடைபெற்றுச் செல்லுமாயின் புண் ஆறிவிடும். போகாமல் குடிகொண்டுவிட்டால், துப்புரவு செய்ய வந்த அணுக்களின் ரசங்களே புதிதாக நெய்த நாரையும் அரித்துவிடும்.

இனித் திருமணிக்கு வருவோம். கொளவாய் ஏரியைத் தொட்டுக்கொண்டு ரயில் நுழையும் செங்கற்பட்டு நகருக்குச் சற்று வெளியே, 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு தொழுநோயாளிகளுக்காக ஒரு வாசஸ்தலத்தை ஏற்படுத்தி, அதற்கு லேடி வில்லிங்டன் பெயரைச் சூட்டியது. குஷ்டம் என்ற சொல்லைக் கேட்டாலே உற்றாரும் ஊராரும் விலகி நின்ற காலம் அது. மருந்து என்று சொல்ல இருந்ததெல்லாம் நம் நாட்டு நீரடிமுத்தின் எண்ணெய்தான். சித்த வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட அந்த எண்ணெயையே மேல்நாட்டு வைத்தியர்களும் ஊசி மூலம் ஏற்றினார்கள். திருமணியில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் என்ற டாக்டர், அமெரிக்காவில் 1941-இல் தொடங்கிய சல்போன் சிகிச்சையை நம் நாட்டுக்குக் கொண்டுவந்து, 1940-களின் பிற்பகுதியில் டாப்சோன் என்ற மலிவான மருந்தால் நோய்க்கிருமியைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். கிருமி அடங்கியது; ஆனால் புண்கள் ஆறவில்லை. விரல்கள் குறுகிக்கொண்டே போயின. உள்ளங்காலில் குழிப்புண்கள் ஆண்டுக்கணக்காக வாய் திறந்திருந்தன. தொழுநோயாளியின் தசையே கெட்ட தசை, அது ஆறாது என்று வைத்தியர்களும் நம்பினார்கள்.

1947-ஆம் ஆண்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த பால் பிராண்ட் என்ற இளம் அறுவை வைத்தியர், காக்ரேனின் அழைப்பின்பேரில் திருமணிக்கு வந்தார். பிராண்ட் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, குழந்தைப் பருவத்தைத் தமிழ் மண்ணிலேயே கழித்தவர். திருமணித் தோட்டத்தில் அவர் கண்ணில் பட்டான் ஓர் இளைஞன். செருப்பைக் கழற்றமுடியாமல் மடங்கிப்போன விரல்களோடு திணறிக்கொண்டிருந்தான். அவனுடைய கையைப் பற்றி, என் கையை முடிந்தமட்டும் அழுத்து என்று பிராண்ட் சொல்ல, அந்த மடங்கிய கை இரும்புக் கிடுக்கிபோல் அழுத்தியதில் டாக்டர் வலியால் துடித்துப்போனார். அவருக்கு வலிப்பதை அவன் அறியவில்லை; அறிவதற்கு வேண்டிய ஸ்பரிச உணர்ச்சி அவன் கையில் இல்லை. அந்தக் கையில் நல்ல தசை இன்னும் உயிரோடிருக்கிறது, அதை வைத்தே விரல்களை மீட்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் உதித்தது. எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்துச் சென்ற ஒரு கையைப் பிடித்துப் பார்க்க ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சம் நெகிழ்கிறது.

அதன்பின் வேலூரில் அவரும் அவருடைய சகாக்களும் கண்டவை விந்தையானவை. துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க அவர் திணறியபோது, சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் தோல் கிழிந்து எலும்பு தெரிந்தது. இரவில் முழு விரலோடு படுத்த சிறுவர்கள் காலையில் விரல் குறைந்து எழுந்தார்கள்; காவலிருந்து பார்த்தபோது எலிகள் கடித்துத் தின்பது தெரிந்தது. பூனைகளை வளர்க்கச் சொன்னார்கள். அந்த நஷ்டம் நின்றது. உள்ளங்காற்புண்ணைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு, மிதிபடாமல் சில வாரம் காத்தபோது, ஆறாது என்று கைவிடப்பட்ட புண்கள் மற்ற மனிதர்களின் புண்களைப் போலவே ஆறின. கெட்ட தசை என்பது பொய். வலி என்னும் காவலன் இல்லாமையால், ஆறத் தொடங்கிய புண்ணை மனிதன் தானே மீண்டும் மீண்டும் மிதித்து உடைத்துக்கொள்கிறான் என்பதே மெய்.

பிற்காலத்தில் அமெரிக்காவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, பிராண்ட் இதை அழற்சியோடு பொருத்திக் காட்டினார். மயக்கிய எலியின் பாதத்தை, நடக்கும்போது உண்டாகும் அளவுக்கு மட்டும், ஓர் இயந்திரத்தால் நாளொன்றுக்கு 10,000 முறை அழுத்தினார்கள். எந்த ஓர் அழுத்தமும் தனியாகக் காயம் செய்யக்கூடியதன்று. ஆயினும் பாதம் முதலில் சிவந்து சூடேறியது. அந்த அழற்சி தணிவதற்குள் அதே அழுத்தம் தொடர்ந்தபோது, சில நாட்களில் புண்ணாக உடைந்தது. நம்மைப் போன்றவர்கள் வெகுதூரம் நடந்தால், சூடேறிய இடம் நோவெடுத்து, நாம் அறியாமலே காலைச் சாய்த்து வைத்து நடக்கிறோம். உணர்ச்சியற்றவர் அதே அடியை அதே இடத்தில் வைக்கிறார். ஆகவே சூடு என்பது புண்ணுக்கு முன்னோடி. தோல் உடைவதற்கு முன்பே தொட்டுப் பார்த்து அதை அறியலாம்.

பிராண்ட் முதன்முதலில் திருமணிக்கு வந்த காலத்தை ஒட்டியே, அழற்சியை அடக்கும் மருந்துகளில் தலையாயது பிறந்தது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில், மூட்டழற்சியால் முடங்கிய பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் செலுத்தினார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த வியப்பு அடங்குவதற்கு முன்பே, கார்ட்டிசோன் பெறுபவர்களின் காயங்களில் புதுச் சதை முளைப்பது தாமதமாகிறது என்பதை வைத்தியர்கள் கண்டுகொண்டார்கள். காரணத்தை 1975-இல் லீபோவிச், ராஸ் என்ற இருவர் கினிப்பன்றிகளில் தெளிவுபடுத்தினார்கள்: ஸ்டீராய்டும் எதிர்ச் சீரமும் கொடுத்து மேக்ரோஃபேஜ்களை இல்லாமற் செய்தபோது, புண்ணில் அழுக்கு தேங்கியது; நார் நெய்வதும் தாமதமாயிற்று. துப்புரவாளனை விலக்கினால் கொத்தனும் வேலைக்கு வருவதில்லை. இதற்கு ஒரு மாற்றும் 1968-இல் கண்டார்கள்: வைட்டமின் ஏ கொடுத்தால், ஸ்டீராய்டால் தடைப்பட்ட ஆறுதல் பெருமளவு திரும்புகிறது என்று ஏர்லிக்கும் ஹண்ட்டும் காட்டினார்கள்.

அப்படியானால் அழற்சியை அடக்கவே கூடாது என்று முடிவு கட்டிவிடலாமா? அப்படி முடிவு கட்டக் கூடாது என்பதற்கும் திருமணியே சாட்சி. 1955-இல் மத்திய அரசு இந்த நிலையத்தை ஏற்று, மத்திய தொழுநோய்ப் போதனை ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. அத்தகைய நிலையங்களில் வைத்தியர்களைத் தூங்கவிடாமல் செய்தது ரியாக்‌ஷன் எனப்படும் எதிர்வினை. மருந்தால் கிருமிகள் மடியும்போதோ, சில வேளை மடிந்த பின்போ, சரீரம் திடீரெனச் சீற்றங்கொண்டு நரம்புகளை அழற்சியால் எரிக்கிறது. காய்ச்சலும் தடிப்புகளும் தோன்றுகின்றன. சிலநாளில் கை தொங்கிவிடுகிறது, கண்ணிமை மூட மறுக்கிறது. அந்த நேரத்தில் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தயங்காமல் கொடுத்தால் நரம்பு பிழைக்கக்கூடும். தயங்கினால் நரம்பு போகும், நரம்பு போனால் வலி போகும், வலி போனால் பாதத்தில் புண் வரும். அதே நோயாளியின் காலில் ஏற்கெனவே ஆறாப்புண் ஒன்று இருந்தால், நரம்பைக் காக்கும் மருந்தே புண்ணைத் தாமதிக்கச் செய்யும். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று, மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டும், காலுக்கு ஓய்வு தந்துகொண்டும் நோயாளியைக் கரை சேர்த்தவர்களின் பொறுமை போற்றுதற்குரியது.

வேறு இரண்டு மருந்துகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். கர்ப்பிணிகள் உட்கொண்டதால் சிசுக்களின் அங்கங்களைக் குலைத்து உலகெங்கும் சாபத்துக்கு ஆளான தாலிடோமைடு, தூக்கம் வராத தொழுநோயாளிகளுக்கு 1964-இல் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்ற டாக்டர் கொடுத்தபோது, எதிர்வினையின் தடிப்புகளை ஓரிரு நாளில் தணித்தது. அயர்லாந்தில் வின்சென்ட் பாரி குழுவினர் 1954-இல் ஆக்கிய க்ளோஃபசிமைன் என்ற செந்நிறப் பொருளோ, கிருமியையும் கொன்று அழற்சியையும் மெல்ல அடக்கியது; உடம்பைக் கருஞ்சிவப்பாக்கியதால் நோயாளிகள் அதை வெறுத்தபோதிலும், 1982-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கூட்டு மருந்து முறையில் அதற்கு நிலையான இடம் கிடைத்தது.

நம் அடுக்களை மருந்தாகிய மஞ்சளைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவாகாது. 1995-இல் அமெரிக்க அரசு, புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கியது. மஷேல்கர் தலைமையிலிருந்த நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம், சம்ஸ்கிருத நூல்களோடு 1953-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ சங்க இதழில் வந்த கட்டுரையையும் சேர்த்து, 32 சான்றுகளை முன்வைத்து வழக்காடி, 1997-இல் அந்த உரிமையை நீக்கச் செய்தது. இந்த வெற்றியில் பெருமை கொள்வது தகும். ஆயினும் எனக்கு அதனினும் மேலாகப் படுவது, அதே கழகத்தைச் சேர்ந்த சென்னை அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் செய்த காரியம். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த இந்தப் பிரதேசத்தில், தோலை அறிந்தவர்கள் அதிலுள்ள கொலாஜனை மெல்லிய படலமாக்கி, அதில் மஞ்சளின் சாரமாகிய குர்குமினைப் பொதித்து, எலிகளின் புண்மேல் ஒட்டிச் சோதித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். புண் விரைந்து சுருங்கியது. மருந்தை வாரி உடலெங்கும் கொட்டாமல், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் வைப்பதே அதன் நுட்பம். எலியில் கண்டதை மனிதரிடம் அப்படியே எதிர்பார்க்கலாகாது. ஆழ்ந்த புண்ணில் கடை மஞ்சள்தூளை அப்பிக்கொள்வதற்கு இது அநுமதியும் ஆகாது.

திருமணியிலும் வேலூரிலும் தொழுநோயாளியின் பாதத்தில் கற்றவை இன்று நீரிழிவுக்காரர்களின் பாதத்துக்கு வந்திருக்கின்றன. எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் மெத்தென்ற நுண்துளை ரப்பர்ச் செருப்பு, முதலில் உணர்ச்சியற்ற தொழுநோய்ப் பாதங்களுக்காகப் பரவிய ஒன்று. உணர்ச்சி குன்றியவர்களுக்கு வைத்தியர்கள் சொல்லிக்கொடுக்கும் அப்பியாசம் ஒன்று உண்டு. மாலையில் வீடு திரும்பியதும் கால்களைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, காய்த்த தோலை மெல்லத் தேய்த்து, எண்ணெய் தடவிவிட்டு, கை மரத்தவராயின் வீட்டில் வேறொருவர், தம் புறங்கையை இரண்டு பாதங்களிலும் மாறி மாறி வைத்துப் பார்க்கிறார். ஓரிடம் மற்றதைவிடச் சுடுகிறதென்றால், அந்தக் கால் மறுநாள் வெளியே போவதில்லை.